எடை குறைந்த கதையும் விற்பனைத் தரகும்: ஒரு வரலாற்றுப் பார்வை



'முன்பு', 'பின்பு' என்னும் தலைப்புகளோடு அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரண்டு படங்களைக் காணாதவர் இன்று யாரும் இலர். முதற்படத்தில் பருத்த உடல். அடுத்ததில் மெலிந்த உடல். படங்களுக்குக் கீழே ஒருவர் தாம் பட்ட பாட்டையும் பெற்ற வெற்றியையும் உருக்கமாகச் சொல்லியிருப்பார். கதையின் இறுதியில் ஒரு மாவின் பெயரோ மாத்திரையின் பெயரோ பானத்தின் பெயரோ வரும். அதை வாங்க விரும்புவோர் யாரைத் தொடர்பு கொள்ள வேண்டும் என்பதும் வரும். தொடர்பு கொள்ள வேண்டியவர், பெரும்பாலும், கதையைச் சொன்னவரேதாம்.

தம் உடல் இளைத்த கதையைச் சொல்லிப் பொருளை விற்று, அவ்விற்பனையில் தரகு பெறும் இம்முறை இணையத்தோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இதன் வேர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் செல்கிறது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நம் கண்முன் வைக்கப்படும் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும். அதன் பொருட்டே இக்கட்டுரை.

விலையின்றி வழங்கிய முதல் மனிதர்

இலண்டன் மாநகரில் வில்லியம் பாண்டிங் என்பவர் வாழ்ந்தார். இறுதிச் சடங்குகளை ஏற்று நடத்துவது அவருடைய குடும்பத் தொழில். அரச குடும்பத்தினரின் இறுதி ஊர்வலங்களையும் அக்குடும்பத்தினரே நடத்தினர். செல்வமும் மதிப்பும் இருந்தும் அவருக்கு ஒரு பெருந்துன்பம் இருந்தது. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள அவர், 1862ஆம் ஆண்டில் 202 இராத்தல் எடை இருந்தார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட இயலவில்லை. மாடிப்படிகளில் பின்புறமாகத் திரும்பி மெல்ல இறங்க வேண்டியிருந்தது. படகு வலித்தார், நீராவிக் குளியல் எடுத்தார், பல மருத்துவர்களைக் கண்டார். எடை குறையவில்லை.

இறுதியில், காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவரிடம் சென்றார். காதுக் குறையின் காரணம் உடற்பருமனே என்று கருதிய ஹார்வி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொன்னார். ஓராண்டில் பாண்டிங் 46 இராத்தல், அதாவது ஏறத்தாழ 21 கிலோ எடை குறைந்தார். காதும் முன்னினும் நன்றாகக் கேட்கத் தொடங்கியது.

மகிழ்ச்சி தாங்காத அவர், 1863ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு ஒரு மடலாக அதை எழுதினார். உடற்பருமன் குறித்த அச்சிறு நூலைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு விலையின்றி வழங்கினார். நூலுக்குத் தேவை பெருகியபோது அது விலைக்கு வந்தது. ஆனால் வந்த ஆதாயத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டார். அவர் எந்த மருந்தையும் விற்கவில்லை. எந்தக் கடைக்கும் ஆள் சேர்க்கவில்லை. அவர் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே ஆனது. இன்றும் சுவீடன் நாட்டு மொழியில், எடை குறைய உணவைக் கட்டுப்படுத்துவதைப் 'பாண்டா' என்றே கூறுகின்றனர்.

பாண்டிங்கின் உணவுமுறை எல்லார்க்கும் ஏற்றதா என்பது மருத்துவர்கள் அன்றே வாதிட்ட செய்தி. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அவர் சொன்னது தவறாகவே இருந்திருந்தாலும், அதனால் அவருக்கு வரும்படி ஏதுமில்லை. கேட்டவர் அவரை ஐயுற வேண்டிய தேவை எழவில்லை.

சாட்சியம் சரக்கானது

பாண்டிங்கின் கதை அடைந்த புகழைக் கண்ட வணிகர் வாளா இருக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே, எடை குறைந்தவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை அச்சிட்டு மருந்து விற்கும் வழக்கம் பரவியது. 1870களின் இறுதியில் அமெரிக்காவில் விற்கப்பட்ட 'ஆலன்ஸ் ஆண்டி ஃபேட்' என்னும் மருந்து கடற்பாசியிலிருந்து செய்யப்பட்டது. அதன் விளம்பரங்களும் பயனடைந்தவரின் பாராட்டுகளையே முன்வைத்தன. இத்தகைய மருந்துகளில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஆய்ந்து 1909ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. சில மெலிவு மருந்துகளில் எலுமிச்சம்பழத்தில் உள்ள சிட்ரிக் அமிலமும் நிறமூட்டிய நீருமே முதன்மையாக இருந்தன. கடிதங்கள் எவ்வளவு உருக்கமாக இருந்தால் என்ன? புட்டிக்குள் இருந்தது புளித்த நீர்.

புளித்த நீராவது பணத்தோடு போயிற்று. அடுத்து வந்தவை உடலையும் கேட்டன. 1933ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர், டைநைட்ரோபீனால் என்னும் வேதிப்பொருள் எடையைக் குறைப்பதாக அறிவித்தனர். அது உண்மையிலேயே எடையைக் குறைத்தது. ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அதை உட்கொண்டனர். பிறகு கண்களில் புரை விழுந்தோரும் உயிரிழந்தோரும் தெரியவந்தனர். 1938ஆம் ஆண்டின் அமெரிக்க மருந்துச் சட்டத்துக்குப் பின்னரே அதன் விற்பனை தடைப்பட்டது. எடை குறைந்தது என்று சாட்சி சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன நாளில் கண் கெடவில்லை; அவ்வளவுதான்.

வாங்கியவரே விற்பவர்

1961ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடிச் என்னும் இல்லத்தரசி, பருத்த தம் தோழியரை வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கினார். நகரச் சுகாதாரத் துறையின் மருத்துவமனை ஒன்று இலவசமாகக் கொடுத்த உணவுமுறையையே அவர் பின்பற்றினார். அந்தக் கூட்டம் 1963ஆம் ஆண்டில் 'வெயிட் வாட்சர்ஸ்' என்னும் நிறுவனமாயிற்று. உணவுமுறை இலவசம், கூடிப் பேசிக் கொள்ளும் ஊக்கத்துக்கே கட்டணம். நைடிச் தம் கதையைச் சொல்லிப் பொருளீட்டினார் என்பது உண்மை. ஆயினும் அவர் நிறுவனத்தின் உரிமையாளர் என்பது எல்லார்க்கும் தெரிந்தே இருந்தது.

1980ஆம் ஆண்டில் மார்க் ஹியூஸ் என்னும் இளைஞர் கலிபோர்னியாவில் 'ஹெர்பாலைஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். தவறான முறையில் எடை குறைக்க முயன்றதே தம் தாயின் மரணத்துக்குக் காரணம் என்று அவர் மேடைதோறும் கூறினார். தம் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கிய மாவு, பல நாடுகளுக்குப் பரவியது. எடை குறைய வேண்டுமா, என்னைக் கேளுங்கள் என்னும் பொருள்பட எழுதிய வட்டச் சின்னத்தை விற்பனையாளர் சட்டையில் குத்திக்கொண்டனர். இங்கே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. பழைய விளம்பரத்தில் விற்பவர் ஒருவர், சாட்சி மற்றொருவர். நேரடி விற்பனையில் இருவரும் ஒருவரே. வாங்கியவர் இளைத்தால் அவர் உடலே விளம்பரப் பலகை. அவர் அண்டை வீட்டாரிடமும் உடன்பணியாளரிடமும் விற்பார். ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்கும், அவரைச் சேர்த்தவருக்கும் பங்கு உண்டு.

ஹெர்பாலைஃப் மீது அமெரிக்காவின் கூட்டரசு வாணிக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டு 2016ஆம் ஆண்டில் 20 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. விற்பனையாளராகச் சேர்ந்தோர் பெரிய வருமானம் பெறலாம் என்று ஏமாற்றப்பட்டனர் என்பதே அக்குற்றச்சாட்டு. மறு ஆண்டு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேருக்குக் காசோலைகள் அனுப்பப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் பிறருக்குக் கதை சொன்னவர்கள். கதை சொன்னவர்களும் ஏமாந்தவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

மலேசியாவில் இவ்வகை வாணிகத்தை ஒழுங்குபடுத்த 1993ஆம் ஆண்டில் நேரடி விற்பனைச் சட்டம் வந்தது. உரிமம் இன்றி நேரடி விற்பனை நடத்துதல் குற்றம். ஆயினும் சட்டம் நிறுவனத்தைத்தான் பதிவு செய்கிறது. சாப்பாட்டு மேசையில் உறவினர் சொல்லும் கதையை எந்தச் சட்டமும் பதிவு செய்வதில்லை.

அன்னாசியின் பெயரால்

நம் பெக்கான் நானாஸ் பட்டணத்தின் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. அன்னாசி அருங்காட்சியகமும் இங்கே உண்டு. அந்தப் பழமும் இவ்வரலாற்றில் ஓரிடம் பெற்றுள்ளது என்றால் வியப்பீர்கள்.

1981ஆம் ஆண்டில் ஜூடி மேசல் என்னும் அமெரிக்கப் பெண்மணி 'பெவர்லி ஹில்ஸ் டயட்' என்னும் நூலை வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர். தாம் எடை குறைந்த கதையே அவருடைய தகுதி. அன்னாசி முதலிய பழங்களில் உள்ள நொதிகள் கொழுப்பை எரிக்கும் என்று கூறி, நாள் முழுதும் பழங்களையே உண்ணச் சொன்னார். நூல் இலட்சக்கணக்கில் விற்றது. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மருத்துவர்கள் அதைக் கடுமையாக மறுத்து எழுதினர்.

அன்னாசியில் புரோமெலைன் என்னும் நொதி உண்டு என்பது மெய். ஆனால் அது சிதைப்பது புரதத்தை, கொழுப்பை அன்று. அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு அரிப்பதற்கும் அந்த நொதியே ஒரு காரணம். தகரப் புட்டியில் அடைக்கச் சூடேற்றும்போது அந்நொதி செயலிழந்துவிடும். நம் ஊர்ப் பழம் இனிய பழம்; சத்துள்ள பழம். அதற்கு இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொல்லத் தேவையில்லை. இதை ஐந்தாம் ஆண்டு மாணவருக்கும் அறிவியல் பாடத்தோடு சேர்த்து விளக்கலாம்.

நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்தது

இனி, நமக்கு மிக அருகில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். ஜோகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில், 2002ஆம் ஆண்டில் 'சிலிம் 10' என்னும் மாத்திரை மூலிகையால் ஆனது என்ற பெயரில் விற்கப்பட்டது. தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ் அதை உட்கொண்டார். அவர் அதை மருந்துக்கடையில் வாங்கவில்லை; தம்முடன் பணியாற்றிய நடிகர் ஒருவரிடம் வாங்கினார். சில மாதங்களில் அவர் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தது. அவரை மணக்கவிருந்த நடிகர் பியர் பிங் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்து அவர் உயிரைக் காத்தார். அதே மாத்திரையை உட்கொண்ட மற்றொரு பெண்மணிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் உயிரிழந்தார்.

சோதனையில், மாத்திரையில் ஃபென்ஃபுளுரமின் என்னும் மருந்து கலந்திருந்தது தெரியவந்தது. இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்பதால் 1997ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட மருந்து அது. மூலிகை என்ற சொல்லுக்குப் பின்னால் அது ஒளிந்திருந்தது. அதே ஆண்டில் ஜப்பானிலும், சீனாவிலிருந்து வந்த இத்தகைய மெலிவு மாத்திரைகளால் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர், சிலர் மாண்டனர்.

டி குரூஸ் வழக்குத் தொடுத்தார். 2003ஆம் ஆண்டில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் அவருக்கு ஏறத்தாழ 9 இலட்சம் வெள்ளி இழப்பீடு வழங்கியது. மாத்திரையை இறக்குமதி செய்தவர்களோடு அதைச் சந்தையில் பரப்பிய நிறுவனமும் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. அந்நிறுவனத்தின் மேல்முறையீடு 2004ஆம் ஆண்டில் தள்ளுபடியானது. மாத்திரையை விற்ற உடன்பணியாளர் மீதான வழக்கு மட்டும் நிலைக்கவில்லை.

இவ்வழக்கில் எண்ணிப் பார்க்க வேண்டியது அந்த இறுதிச் செய்திதான். கெடுக்க வேண்டும் என்று யாரும் உடன்பணியாளரிடம் மாத்திரை விற்பதில்லை. நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்டாலும் நஞ்சு நஞ்சே. கொடுப்பவரின் உள்ளம் தூய்மையானது என்பது புட்டிக்குள் இருப்பதைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

இது முடிந்துபோன கதையும் அன்று. இதய அடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பை மிகுவிக்கிறது என்பதால் சிபுட்ரமின் என்னும் மருந்து 2010ஆம் ஆண்டில் பல நாடுகளில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும், மெலிவுக் காப்பி என்றும் மூலிகை மாத்திரை என்றும் விற்கப்பட்ட பொருள்களில் சிபுட்ரமின் கலந்திருந்ததாக நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பன்முறை எச்சரித்துள்ளது.

சொல்ல வேண்டிய ஒரு வரி

இணையம் வந்தபின் தரகு முறை இன்னும் எளிதாயிற்று. சரக்கை வாங்கி வீட்டில் அடுக்க வேண்டியதில்லை. கதையைச் சொல்லி, கடைக்கு வழிகாட்டினால் போதும். அவ்வழியே வந்து வாங்குவோரின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தரகு கிட்டும். கேட்பவருக்கோ, சொல்பவர் நண்பரா வணிகரா என்பது தெரிவதில்லை.

இதைச் சீராக்க அமெரிக்க வாணிக ஆணையம் 2009ஆம் ஆண்டில் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கு விற்பவரோடு பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்றது. எல்லார்க்கும் இப்படி நிகழாது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்ற பழைய சலுகையையும் நீக்கியது. இந்தியாவில் விளம்பரத் தர மன்றம் 2021ஆம் ஆண்டிலும், நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டிலும் இத்தகைய நெறிகளை வகுத்தன. மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமும் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் உள்ளன.

இத்தனை நெறிகளும் கேட்பது ஒரே ஒரு வரியைத்தான்: "நீங்கள் இதை வாங்கினால் எனக்குப் பணம் கிடைக்கும்." அந்த வரியைச் சொல்லிவிட்டு ஒருவர் விற்பாரானால் அது வாணிகம், அதில் இழிவு ஏதுமில்லை. அந்த வரியை மறைத்துச் சொல்லும்போதுதான் சாட்சியம் பழுதாகிறது. பாண்டிங்குக்கும் பின்வந்தோருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பள்ளிக்கூடத்திற்கு இதில் என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2023ஆம் ஆண்டில் அது 54.4 விழுக்காடாயிற்று. இந்தியரிடையே நிலைமை மேலும் கவலைக்குரியது. ஆகவே, எடை குறைய வேண்டும் என்னும் விருப்பம் வீண் ஆசை அன்று; உண்மையான தேவை. தேவை உண்மையாக இருக்குமிடத்தில்தான் போலிச் சரக்கும் மிகுதியாக விலை போகும்.

நம் சமுதாயத்தில் ஆசிரியர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஓர் ஆசிரியை, தம் மாணவனின் தாயிடம் மாவுப் புட்டி ஒன்றைப் பரிந்துரைத்தால் அத்தாய் மறுத்துப் பேசுவது எளிதா? பிள்ளையின் முகத்தை நினைத்தே வாங்கிவிடுவார். அரசு ஊழியர் வேறு தொழில் செய்யத் துறைத்தலைவரின் எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும் என்று 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் ஒழுங்கு விதிமுறைகள் கூறுகின்றன. ஒப்புதல் பெற்றவரும் பெற்றோரிடம் விற்காமலிருப்பதே நம் பணிக்கு அழகு. வருமானம் போதாமல் பகுதிநேரமாக விற்கும் பெற்றோர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த ஒரு வரியைச் சொல்லி விற்கட்டும்.

பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகவே கற்பிக்கலாம். நூறு பேர் ஒரு மாவை வாங்கினர் என்று கொள்வோம். தொண்ணூறு பேருக்கு மாற்றம் இல்லை. பத்துப் பேர் இளைத்தனர். படம் எடுத்து வெளியிடுவோர் யார்? அந்தப் பத்துப் பேரே. நாம் பத்துப் படங்களைக் காண்கிறோம். தொண்ணூறு பேரைக் காண்பதில்லை. அந்தப் பத்துப் பேரும் மாவோடு சேர்த்து இரவுச் சோற்றைக் குறைத்தார்களா, நடைப்பயிற்சி செய்தார்களா என்பதும் படத்தில் தெரியாது. முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பங்கு உடலின் நீரே என்பதும் தெரியாது. ஓராண்டு கழித்து எடுத்த மூன்றாவது படத்தை யாரும் வெளியிடுவதில்லை.

யாரேனும் தம் எடை குறைந்த கதையைச் சொன்னால் பெற்றோர்கள் மூன்று கேள்விகளை அன்போடு கேளுங்கள். நான் வாங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? இதே பொருளை வாங்கி இளைக்காதவர்கள் எத்தனை பேர்? இது மருந்தோ துணைப்பொருளோ என்றால், சுகாதார அமைச்சின் பதிவெண் எங்கே? அந்தப் பதிவெண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்போர், எதை வாங்குவதற்கு முன்னும் அரசு சுகாதார நிலையத்தின் மருத்துவரைக் கேட்பது நன்று. அங்கே கிடைக்கும் அறிவுரையில் யாருக்கும் தரகு இல்லை.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. மருந்தின் பெயர்களை எதிர்பார்த்து அதைத் திறப்பவர் ஏமாந்து போவர். பத்துக் குறள்களில் பாதிக்கு மேற்பட்டவை உணவின் அளவைப் பற்றியும், முன்பு உண்டது செரித்த பின்பே உண்பதைப் பற்றியுமே பேசுகின்றன. எந்த மருந்தின் பெயரும் அங்கே இல்லை. வகுப்பில் அந்த அதிகாரத்தை நடத்தும் நாளில், அருகில் ஒரு மெலிவு விளம்பரத்தையும் ஒட்டி வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிடுமாறு மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் நாம் எதிர்பாராத விடைகளையும் தருவார்கள்.